வீடெல்லாம் பாட்டு

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார் என்று சொல்லிவிட்டுப் போன பெரியவர்கள் அதோடு நிறுத்திக்கொண்டார்கள். இன்றைக்கு அவர்கள் இருந்திருந்தால், ‘கட்டின வீட்டுக்கு ஸ்பீக்கர் வைத்துப் பார்’ என்று மூன்றாவதாக ஒன்றையும் சேர்த்திருப்பார்கள்.

ஸ்பீக்கர் என்றால், ஹாலில் ஒரு பெட்டியை வாங்கி வைத்து அதன்மேல் பூ ஜாடி வைப்பதை நான் சொல்லவில்லை. ஹாலில் ஓடுகிற பாட்டு சமையலறையிலும் கேட்க வேண்டும். பூஜையறையில் தணிந்து கேட்க வேண்டும். மாடி வராந்தாவில் வேண்டும்போது மட்டும் கேட்க வேண்டும். குழந்தைகள் படிக்கிற அறையில் கேட்கவே கூடாது. இப்படி வீடு முழுவதற்குமான ஏற்பாட்டைச் சொல்கிறேன். உங்களில் யாராவது இதைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தால், தயவுசெய்து சுவர்ப் பூச்சுக்கு முன்னால் இந்தப் பக்கத்தைப் படித்துவிடுங்கள். பூச்சுக்குப் பிறகு படித்தால் பொழுது போகும், அவ்வளவுதான்.

ஆசை ஒன்றும் புதிதல்ல. 1930-ஆம் வருஷத்திலேயே சென்னை மாநகராட்சி சொந்தமாக ஒலிபரப்பு நடத்தி, மெரினா கடற்கரையிலும் சில பூங்காக்களிலும் ஒலிபெருக்கி வைத்து, காற்று வாங்க வந்தவர்களுக்குப் பாட்டும் கொடுத்தது. 1938-ல் அகில இந்திய வானொலி சென்னையில் நிலையம் திறந்த பிறகு மாநகராட்சி அந்தக் காரியத்தை விட்டுவிட்டது. ஓரிடத்தில் பாடினால் பல இடங்களில் கேட்க வேண்டும் என்பதுதான் அன்றைய ஆசையும். அன்று ஒரு ஊருக்கு. இன்று ஒரு வீட்டுக்கு.

எங்கள் வீடு தாம்பரத்துக்கு இந்தப் பக்கம் எழும்பிக்கொண்டிருந்தது. கீழே மூன்று அறை, மேலே இரண்டு. தளம் போட்டாகிவிட்டது, சுவர் எழுந்துவிட்டது, பூச்சு மட்டும் பாக்கி. அந்தச் சமயத்தில்தான் என் வீட்டுக்காரர் என்னை ஒரு கடைக்கு அழைத்துக்கொண்டு போனார்.

அதைக் கடை என்று சொன்னால் கடைக்காரர் வருத்தப்படுவார். தரையில் கம்பளம், ஜன்னல்களுக்குக் கனத்த திரை, உட்கார்ந்தால் அமிழ்ந்து போகிற சோபா, அரையிருட்டு. ஒரு பட்டனைத் தட்டினார். எங்கிருந்து வருகிறது என்றே தெரியாமல் வீணை வந்தது. பொய் சொல்வானேன், உடம்பு சிலிர்த்தது.

“எத்தனை ரூம் சார்?” என்று கேட்டார் கடைக்காரர். அந்த ‘சார்’ என் வீட்டுக்காரருக்கு. நான் கூட வந்த பை மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

“அஞ்சு ரூம், ஹால், கிச்சன், வராந்தா.”

“ரூமுக்கு ரெண்டு. எல்லாம் கூரையிலேயே பதிச்சிடலாம், கண்ணுக்கே தெரியாது. சுவிட்சு, கிவிச்சு ஒண்ணும் வேண்டாம். உங்க செல்போனிலேயே எல்லாம் நடக்கும்.”

அரை மணி நேரத்தில் மூன்றரை லட்சத்தைத் தாண்டிய ஒரு மதிப்பீடு கைக்கு வந்தது. அறை அளவு கேட்டார், ஜன்னல் எத்தனை என்று கேட்டார், பெயிண்ட் என்ன நிறம் என்றுகூடக் கேட்டார். வீட்டில் பாட்டுக் கேட்கிறவர் யார் என்று மட்டும் அவர் கேட்கவில்லை.

எங்கள் வீட்டில் பாட்டுக் கேட்கிறவர் என் மாமியார்.

அத்தைக்கு எழுபத்தாறு வயசு. திருவல்லிக்கேணி வாடகை வீட்டில் சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவில் ஒரு மாடம். அதில் ஒரு ரேடியோ. விடிகாலை பக்திப் பாட்டு, அப்புறம் செய்தி, அப்புறம் சினிமாப் பாட்டு, சாயங்காலம் விவசாய நிகழ்ச்சி. நிலம் நீச்சு ஒன்றும் கிடையாது. ஆனாலும் நெல்லுக்கு என்ன மருந்து அடிக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும். அந்த வீட்டில் எங்கே நின்றாலும் பத்தடிக்குள் மற்றவர்கள் இருப்பார்கள். ரேடியோவும் ஒரு மனுஷர் மாதிரி நடுவில் இருந்தது.

புது வீட்டில் அவருக்கு நல்ல அறை. தெருச் சத்தம் வராமல் பின்பக்கம், சேர்ந்தாற்போல் குளியலறை. என் வீட்டுக்காரருக்கு அதில் மகா பெருமை. அத்தையைக் கொண்டுபோய்க் காட்டியபோது அவர் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: “இங்கேயிருந்து கூப்பிட்டா உங்களுக்குக் கேக்குமா?”

அதற்குப் பிறகு எனக்கு அந்த மூன்றரை லட்ச மதிப்பீடு வேறு மாதிரி தெரிய ஆரம்பித்தது.

கொஞ்ச காலமாக அத்தைக்குக் காது மந்தம். காது டாக்டரிடம் காட்டியாகிவிட்டது. உங்கள் வீட்டில் யாருக்காவது இப்படி இருந்தால் முதலில் அதைச் செய்யுங்கள். ஸ்பீக்கர் வைத்தியம் அல்ல. வயசால் வருகிற காது மந்தத்தில் ஒரு விசேஷம் உண்டு. எல்லா ஓசையும் ஒரே மாதிரி குறைந்துபோவதில்லை. மெல்லிய, கீச்சென்ற ஓசைகள்தான் முதலில் போகின்றன. நம் பேச்சில் உயிரெழுத்துக்கள் தடித்த ஓசை. அவை நன்றாகவே விழும். க, ச, த, ப போன்ற எழுத்துக்களின் உரசலும் வெடிப்பும் மெல்லியவை. அவைதான் நழுவிப் போகும். ஆகவே கடை, சடை, தடை, படை எல்லாம் ஒன்றாகக் கேட்கும். ‘காது கேட்கவில்லை’ என்று அவர்கள் சொல்வதில்லை. ‘நீங்க வாய்க்குள்ளேயே பேசறீங்க’ என்றுதான் சொல்வார்கள். அதில் நியாயம் இருக்கிறது.

இந்த நிலையில் இருப்பவருக்குக் கூரையிலிருந்து பேசினால் எப்படி இருக்கும்? யோசித்துக்கொண்டே இருப்பதைவிடச் செய்து பார்த்துவிடலாம் என்று, ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ் நண்பர் ஒருவரிடமிருந்து ஓர் ஆம்ப்ளிஃபயரும் இரண்டு சின்ன ஸ்பீக்கரும் கடன் வாங்கிக்கொண்டு, பூச்சில்லாத வீட்டுக்குப் போனோம். வெற்றுச் சுவரும் வெற்றுத் தரையும் எதிரொலித்துக் கெடுக்கும் என்று பழைய மெத்தை ஒன்றும் இரண்டு ஜமக்காளமும் கொண்டுபோய்ப் போட்டேன். மின்விசிறி சுற்றும்போது கேட்பதுதானே நம் ஊர் வழக்கம்? ஆகவே ஒரு ஸ்டாண்டு ஃபேனும் போயிற்று. கட்டில் வரப்போகிற இடத்தில் நாற்காலி போட்டு அத்தையை உட்கார வைத்தோம். எலெக்ட்ரீஷியன் தம்பி ஏணியில் ஏறி, ஒரு ஸ்பீக்கரைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டான். காலைச் செய்தியைச் செல்போனில் பதிந்து வைத்திருந்தேன். போட்டேன்.

“யாரோ பேசறாங்க,” என்றார் அத்தை.

சத்தத்தைக் கூட்டினார் என் வீட்டுக்காரர்.

“சத்தமாப் பேசறாங்க.”

இன்னும் கூட்டினார். அத்தை முகத்தைச் சுளித்துக் காதைப் பொத்திக்கொண்டார். மந்தமான காதுக்கு மெல்லிய ஓசை கேட்பதில்லை. பெரிய ஓசையோ நம்மைப் போலவே, சில சமயம் நம்மைவிட அதிகமாகவே வலிக்கும். நடுவில் மிஞ்சுகிற இடம் ரொம்பக் குறுகல்.

தம்பியை இறங்கச் சொன்னேன். ஜன்னல் கட்டையில், அத்தையின் தலைக்கு மூன்றடி தூரத்தில், முகத்தைப் பார்க்கிற மாதிரி இன்னொரு ஸ்பீக்கரை வைத்து, சத்தத்தைப் பாதியாகக் குறைத்துப் போட்டேன். அத்தை இரண்டு நிமிஷம் பேசாமல் இருந்தார். அப்புறம், “மேட்டூர்லே தண்ணி ஏறுதாமே,” என்றார்.

ஏணியில் நின்ற தம்பிக்கும் கீழே நின்ற எங்களுக்கும் அந்த ஒரு வாக்கியத்தில் எல்லாம் விளங்கிவிட்டது.

இதற்குக் காரணம் மந்திரம் அல்ல. திறந்த வெளியில் தூரம் இரு மடங்கானால் ஒலியின் அளவு 6 டெசிபல் குறையும். அறைக்குள் சுவர்கள் ஒலியைத் திருப்பி அனுப்புவதால் அவ்வளவு குறையாது. ஆனால் அப்படித் திரும்பி வருகிற ஒலிதான் ஒரு சொல்லின்மேல் இன்னொரு சொல்லை ஏற்றிக் குழப்புகிறது. அதன்மேல் மின்விசிறியின் இரைச்சல் வேறு. கிட்டத்தில் வைத்தால் நேரே வருகிற ஒலி முந்திக்கொள்கிறது. காதுக்கு இரு மடங்கு சத்தமாகத் தெரிய வேண்டுமானால் ஆம்ப்ளிஃபயருக்குக் கிட்டத்தட்டப் பத்து மடங்கு சக்தி வேண்டும். கிட்டே நகர்த்துவதற்குக் காசு வேண்டியதில்லை.

“அப்போ கூரை ஸ்பீக்கரே வேண்டாங்கறியா?” என்று என் வீட்டுக்காரர் பரிதாபமாகக் கேட்டார். பாவம், கண்ணுக்கே தெரியாத ஸ்பீக்கர் என்பதில் மனசைப் பறிகொடுத்திருந்தார். இன்னொரு விஷயமும் சொன்னேன். அந்தப் படங்களெல்லாம் மரச் சட்டமும் ஜிப்ஸம் பலகையுமாகக் கட்டுகிற நாடுகளுடையவை. அங்கே எப்போது வேண்டுமானாலும் கூரையில் வட்டமாக அறுத்து, உள்ளே கம்பியை இழுத்துக்கொள்ளலாம். நம்முடையது கான்கிரீட் தளம். அதன்கீழே பொய்க்கூரை கட்டினால்தான் ஸ்பீக்கர் பதிக்க முடியும். மதிப்பீட்டில் அந்தச் செலவு சேரவே இல்லை! இதைச் சொன்னதும் வழிக்கு வந்தார்.

கடைசியில் இப்படி முடிவு செய்தோம். ஹாலில் இரண்டு ஸ்பீக்கர், உட்கார்ந்தால் காது மட்டத்தில். சமையலறையில் ஒன்று, அடுப்புக்கு எதிர்ப்பக்கம். எண்ணெய்ப் புகை ஸ்பீக்கருக்கு ஆகாது. அத்தை அறைக்கு ஒன்று, கட்டில் தலைமாட்டு அலமாரியில். மாடி வராந்தாவுக்கும் பெண் படிக்கிற அறைக்கும் இப்போதைக்குக் குழாய் மட்டும். உள்ளே ஒரு கட்டுக்கம்பியை விட்டு மூடி போட்டாயிற்று. பிற்பாடு யாருக்கு ஆசை வருகிறதோ அவர்கள் அந்தக் கம்பியோடு வயரைக் கட்டி இழுத்துக்கொள்ளட்டும். பூஜையறை சமையலறைக்குப் பக்கம், வருகிறது போதும்.

‘எல்லாம் செல்போனிலேயே நடக்கும்’ என்ற ஏற்பாட்டை நான் ஒப்புக்கொள்ளவில்லை. செல்போனில் நடந்தால், செல்போன் வைத்திருப்பவர் வெளியே போனதும் எல்லாம் நின்றுவிடும். அதைவிட முக்கியம், எழுபத்தாறு வயசில் ஒருவர் பாட்டுக் கேட்க வேண்டுமென்றால் பேத்தியிடம் போய்க் கேட்க வேண்டும். அறுபது வருஷமாகத் தன் கையால் ரேடியோ திருகினவர்! ஆகவே அத்தை அறைக்கு எஃப்.எம். ரேடியோ சேர்ந்த சின்ன ஆம்ப்ளிஃபயர் தனியாக. இரண்டே குமிழ். ஒன்று ‘என் ரேடியோ’, ‘ஹால் பாட்டு’ என்று மாற்ற. இன்னொன்று கூட்டிக் குறைக்க. ஹாலிலிருந்து ஓர் உறையிட்ட வயர் அங்கே போகிறது. அவர் கேட்ட கேள்வியையும் மறக்கவில்லை. கட்டிலோரம் ஒரு பேட்டரி மணி. அழுத்தினால் சமையலறையில் ஒலிக்கும். இந்த வீட்டுக்கு வாங்கினவற்றில் அதுதான் விலை குறைவு.

வயரே இல்லாமல், அறைக்கு ஒரு வைஃபை ஸ்பீக்கர் வைத்துக்கொள்ளக் கூடாதா என்று நீங்கள் கேட்கலாம். வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு அதுதான் சரி. சுவரைத் தொட வேண்டாம், காலி செய்யும்போது பெட்டியில் போட்டுக்கொண்டு போகலாம். ஆனால் எல்லா ஸ்பீக்கரும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவையாக இருக்க வேண்டும். வேறு வேறு குடும்பத்துப் பெட்டிகள் ஒரே பாட்டைச் சற்று முன்பின்னாகப் பாடும். ஆடி மாசத்தில் தெருவுக்கு இந்தக் கோடியில் ஒரு குழாய், அந்தக் கோடியில் ஒரு குழாய் என்று கட்டி அம்மன் பாட்டுப் போடும்போது நடுவில் நின்றிருக்கிறீர்களா? வீட்டுக்குள் அதே அனுபவம் கிடைக்கும்.

இன்னொரு சங்கதியும் உண்டு. இந்தப் பெட்டிகளின் ஆயுள் அவற்றைச் செய்தவர் கையில் இருக்கிறது. கூகிள் கம்பெனியின் குரோம்காஸ்ட் ஆடியோ 2015-ல் வந்தது. 2019-ல் உற்பத்தியை நிறுத்திவிட்டார்கள். ஸ்குவீஸ்பாக்ஸ் என்ற பெட்டி ஒரு காலத்தில் வீடெல்லாம் பாட்டு வைக்கிறவர்களின் செல்லப்பிள்ளையாக இருந்தது. 2012-ல் அதை நிறுத்தினார்கள். 2024-ல் அதற்கான இணையச் சேவையையும் மூடினார்கள். பிறகு ஆர்வலர்கள் சொந்த முயற்சியில் ஒரு மென்பொருளை வைத்து அதை ஓட்டுகிறார்கள். எல்லோராலும் அது ஆகுமா? செம்புக் கம்பியை மட்டும் யாரும் ‘நிறுத்திவிட்டோம்’ என்று அறிவிக்க முடியாது. எனவே சுவருக்குள் போவதற்குத் தாராளமாகச் செலவழியுங்கள். சுவருக்கு வெளியே நிற்பதைச் சிக்கனமாக வாங்குங்கள். பிறகு மாற்றிக்கொள்ளலாம். ஒவ்வோர் அறைக்கும் ஸ்பீக்கர் வயரோடு ஓர் இணைய வயரும் போட்டுவிட்டால், நாளைக்கு எது வந்தாலும் சமாளிக்கலாம்.

கணக்கு கொஞ்சம் இருக்கிறது. பயப்படாதீர்கள், ஜாக்கெட் துணி கணக்கைவிடச் சுலபம். வீட்டு ஸ்பீக்கர்களில் பெரும்பாலானவற்றின் பின்னால் 8 ஓம் அல்லது 6 ஓம் என்று போட்டிருக்கும். ஆம்ப்ளிஃபயரின் பின்னால் ‘4 ஓமுக்குக் குறையக் கூடாது’ என்பது போல் ஒரு வரி இருக்கும். 8 ஓம் ஸ்பீக்கர் இரண்டைப் பக்கம் பக்கமாக ஒரே முனையில் சேர்த்தால் 4 ஓம். நான்கைச் சேர்த்தால் 2 ஓம். அது எல்லாக் குழாயையும் ஒரே சமயத்தில் திறந்துவிட்ட மாதிரி, ஆம்ப்ளிஃபயர் கொதித்துப்போகும். சமையலறைச் சுவரில் சத்தத்தைக் குறைக்க நாங்கள் வைத்த குமிழுக்குள் ஒரு சின்ன டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறது, இதற்கென்றே செய்தது. “மின்விசிறி ரெகுலேட்டரே ஒண்ணு மிச்சம் இருக்கே அக்கா, அதையே போட்டுடலாமே,” என்றான் தம்பி. அது 230 வோல்ட் விவகாரம், இதற்கு ஆகாது என்று பிடுங்கி வைத்தேன்.

சமையலறையைப் போல ஓர் அறைக்கு ஒரே ஸ்பீக்கர் என்றால், இடம் வலம் இரண்டு தடத்தையும் ஒன்றாகக் கலந்துதான் அதற்குக் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் சில பாட்டுக்களில் பாடகர் இருப்பார், வயலின் இருக்காது. பழைய சினிமாப் பாட்டுக்களுக்கு இந்தக் கவலை இல்லை. பதிந்தபோதே அவை ஒற்றைத் தடம்.

வயர் வாங்க ரிச்சி தெருவுக்குப் போனோம். அங்கே ஜாக்கிரதை வேண்டும். அலுமினியத்தின்மேல் செம்பு முலாம் பூசின வயரும் செம்பு வயர் போலவே மின்னும். ஒரு நுனியைப் பிளேடால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாக இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். 1.5 சதுர மில்லிமீட்டர் சுத்தச் செம்பு 15 மீட்டர் தூரம் வரை தாராளமாகப் போதும். அதைத் தாண்டினால் 2.5. தங்க முலாம் பூசின, பட்டு உறை போட்ட வயரெல்லாம் காட்டினார்கள். தங்கம் வாங்குவதற்கு எனக்கு வேறு கடை தெரியும்.

ஸ்பீக்கர் வயரை மின்சார வயரோடு ஒரே குழாயில் போடச் சம்மதிக்காதீர்கள். இரைச்சல் சேரலாம் என்பது ஒரு புறம். ஆபத்து என்பது இன்னொரு புறம். சுவரில் ஓர் அடியாவது தள்ளிக் காடி வெட்டச் சொல்லுங்கள். குறுக்கே கடக்க வேண்டிய இடத்தில் நேர்க்குறுக்காகக் கடக்கட்டும். ஆம்ப்ளிஃபயர் இருக்கிற அலமாரிக்குக் காற்றோட்டம் வேண்டும். அதன் பிளக்கை இன்வர்ட்டர் இணைப்பில் கொடுத்துவிடுங்கள்.

எங்களுக்கு ஆன செலவு அந்த மதிப்பீட்டில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. விடிகாலையில் பின்னறையிலிருந்து பக்திப் பாட்டு வருகிறது. சில நாள் சற்றுப் பலமாகவே வருகிறது. பத்தாவது படிக்கிற பெண் கதவைச் சாத்திக்கொள்கிறாள். சாயங்காலம் நெல்லுக்கு மருந்து.

இன்னொன்று. பூச்சு போடுவதற்கு முதல் நாள், காடி வெட்டிக் குழாய் பதித்த ஒவ்வொரு சுவரையும் செல்போனில் படம் எடுத்து வையுங்கள். சுவரோரம் அளவு நாடாவை நிறுத்தி, தரையிலிருந்து எத்தனை அடி, மூலையிலிருந்து எத்தனை அடி என்று தெரிகிற மாதிரி எடுங்கள். போன மாசம் சமையலறையில் தட்டுப் பலகை மாட்ட ஆசாரி வந்திருந்தார். ஆணியை நேரே சுவரில் வைத்துச் சுத்தியலை ஓங்கிவிட்டார். “இருங்க ஆசாரி!” என்று படத்தைக் காட்டினேன். ஆணியை எடுத்து, மூன்று அங்குலம் தள்ளி வைத்து அடித்தார்.